திரைக்கான விண்கல மினியேச்சர்: கட்டுவது, படமாக்குவது, பிரித்து மாற்றுவது

'ஏலியன்' படத்தின் நாஸ்ட்ரோமோ விண்கல மாடல் முதலில் மஞ்சள் நிறத்தில் இருந்தது. இங்கிலாந்தின் பிரே ஸ்டூடியோவில் சிறப்புக் காட்சிக் கலைஞர் பிரையன் ஜான்சனின் குழு அதைக் கட்டி, வாரக்கணக்கில் படமும் பிடித்திருந்தது. பிறகு இயக்குநர் ரிட்லி ஸ்காட் சாம்பல் நிறம்தான் வேண்டும் என்றார். மறுபடி வண்ணமடித்தார்கள். எடுத்த காட்சிகளை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து எடுத்தார்கள். கலம் இழுத்து வரும் சுத்திகரிப்பு ஆலையின் கோபுரங்களில் பலவற்றை ஸ்காட் தாமே சுத்தியலும் உளியுமாக உடைத்துத் தள்ளினார். 1979இல் வெளியான படத்தில் நாம் பார்ப்பது, உடைத்த பிறகு எஞ்சிய உருவத்தை.

இந்தக் கதையை இயக்குநரின் பிடிவாதத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். மாடல் கட்டுபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. திரைக்கான மாடலுக்கு 'முடிந்துவிட்டது' என்ற நிலையே கிடையாது. படப்பிடிப்பின் நடுவில் நிறம் மாறும், தலை மாறும். அடுத்த படத்தில் அதே மாடல் தலைகீழாக நின்று வேறு பெயரில் வரும். ஆகவே வரவேற்பறை அலமாரிக்கு ஒரு மாடல் செய்கிற எண்ணத்தோடு இந்த வேலையில் இறங்கக்கூடாது. எந்தத் தகடு கழன்று வரும், ஒயர் எந்த வழியாக வெளியே போகும், எதைப் பிடித்துத் தூக்குவது ஆகியவற்றை முதல் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கலம் ஒன்றை வீட்டு மேசையில் கட்டிக் குறும்படத்துக்குப் படமாக்குவதை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஷாட் பட்டியலும் அளவும்

எதையும் வாங்குவதற்கு முன் ஷாட் பட்டியலை எழுதுங்கள். கலத்தின் எந்தப் பக்கம் தெரிகிறது, கேமரா எவ்வளவு நெருங்குகிறது, உள்ளே வெளிச்சம் தெரிய வேண்டுமா என்பவை ஒவ்வொரு ஷாட்டுக்கும் தெளிவாக இருக்கட்டும். தெரியாத பக்கத்துக்கு உழைப்பது வீண். 1960களின் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடருக்காகக் கட்டிய 11 அடி என்டர்பிரைஸ் விண்கல மாடலின் இடப்பக்கம் ஏறக்குறைய வெறுமையாகவே விடப்பட்டது. விளக்குகளுக்கான ஒயர்கள் அந்தப் பக்கமாகத்தான் வெளியே வந்தன. இடப்பக்கம் திரையில் தேவைப்பட்டபோது, பெயரையும் எண்ணையும் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி எழுதி வலப்பக்கத்தில் ஒட்டி, எடுத்த ஃபிலிமை இடம் வலமாகத் திருப்பிக்கொண்டார்கள். அந்த மாடல் இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெரிய மாடல்தான் திரையில் பெரிதாகத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். ஸ்டான்லி குப்ரிக் 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்காக டிஸ்கவரி கலத்தைச் சுமார் 54 அடி நீளத்தில் கட்டவைத்தார். 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடக்கத்தில் நம் தலைக்கு மேல் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும் ஸ்டார் டெஸ்ட்ராயர் வெறும் 3 அடிதான். அகலக் கோண லென்ஸை மாடலின் அடிவயிற்றுக்கு மிக அருகில் கொண்டுபோனதாலும், மேற்பரப்பின் நுணுக்கம் அவ்வளவு நெருக்கத்தையும் தாங்கியதாலும் அது பிரம்மாண்டமாகிவிட்டது.

பார்வையாளருக்கு அளவைச் சொல்வது ஜன்னல். கணக்கு எளிது. கதையில் கலத்தின் நீளம் 150 மீட்டர், உங்கள் மாடல் 1 மீட்டர் என்றால் விகிதம் 1/150. மூன்று மீட்டர் உயரத் தளம் 20 மில்லிமீட்டராகும். 60 சென்டிமீட்டர் ஜன்னல் 4 மில்லிமீட்டராகும். அதே மாடலைக் கதையில் 1,500 மீட்டர் கலமாக்கினால் தளம் 2 மில்லிமீட்டர், ஜன்னல் 0.4 மில்லிமீட்டர். முதலாவதற்கு ஜன்னலை வெட்டித் திறந்து பின்னால் வெள்ளைத் தகடு வைக்க வேண்டும். இரண்டாவதற்கு ஊசிமுனைத் துளைகளே போதும். ஜன்னலின் அளவை நடுவில் மாற்றினால் கலத்தின் அளவே மாறிவிடும் என்பதால் இதை முதலில் தீர்மானித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

எலும்புக்கூடு

தொடக்கநிலையினர் அவசரமாகக் கடந்துபோகும் கட்டம் இதுதான். மாற்றத்துக்கு இடம் கொடுப்பதும் இதுவே.

கலத்தின் நீளவாக்கில் 20 அல்லது 25 மில்லிமீட்டர் அலுமினியச் சதுரக் குழாய் ஒன்றை முதுகெலும்பாகப் போடுங்கள். ஜன்னல் கதவு செய்யும் கடைகளில் துண்டுகளாகவே கிடைக்கும். அதன்மேல் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டிய விலா எலும்புகளைக் குறுக்காகப் பொருத்துங்கள். விலா எலும்புகள் குழாயோடு பசையால் ஒட்டப்படாமல், எல்-வடிவத் தகடும் திருகுமாக இணைய வேண்டும். பின்னாளில் கலத்தை நடுவில் வெட்டி நீட்டவோ மூக்கைக் கழற்றவோ நேர்ந்தால் இந்தத் திருகுகளின் அருமை தெரியும்.

அடுத்து, தாங்கி பொருத்தும் இடங்கள். மாடலைப் பிடித்திருக்கும் கம்பி எப்போதும் கேமராவுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். வலப்பக்கம் தெரியும் ஷாட்டில் கம்பி இடப்பக்கத்திலிருந்து வரும். முன்பக்கம் தெரிந்தால் பின்னாலிருந்து, எஞ்சின் குழாய் வழியாக வரும். ஆக மேல், கீழ், இடம், வலம், பின் என ஐந்து இடங்களிலும் முதுகெலும்போடு உறுதியாக இணைந்த, மரையுள்ள நட்டு வேண்டும். வேலை இல்லாத நான்கையும் அதே வண்ணமடித்த சிறு மூடிகள் மறைக்கும். மூடிகளைச் சிறு நியோடிமியம் காந்தங்களால் பிடிக்கவைத்தால் நகத்தால் நெம்பி எடுத்துவிடலாம். ஒயர்களும் இதே துளைகள் வழியே வெளியேறட்டும்.

எடை எங்கே குவிகிறது என்பதைச் சட்டம் மட்டும் இருக்கும்போதே சோதியுங்கள். ஓர் உருளைக் கம்பியின்மேல் குறுக்காக வைத்து உருட்டினால் சமன்புள்ளி கிடைத்துவிடும். கீழ்த் தாங்கி அந்தப் புள்ளியில் இல்லையென்றால், கேமரா நகர்வின்போது மூக்கு மெல்லத் தலையாட்டும். திரையில் அது உடனே கண்ணை உறுத்தும்.

தோல்

ஹாலிவுட் கூடங்களில் ஸ்டைரீன் தகடுதான் அடிப்படைப் பொருள். 0.25 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர்வரை தடிமன்களில் வரும். கத்தியால் கீறி மடக்கினாலே உடையும். நம் ஊரில் பொழுதுபோக்கு மாடல் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது, விலை அதிகம். பெரிய பரப்புகளுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட் நல்ல மாற்று. வரைபடத்தைக் கொடுத்தால் பெயர்ப்பலகைக் கடைகளில் லேசரில் வெட்டித் தந்துவிடுவார்கள். கட்டட மாதிரி செய்பவர்கள் பயன்படுத்தும் பிவிசி ஃபோம் ஷீட்டும் ஆகும். தெர்மாகோலைத் தவிருங்கள். ஸ்ப்ரே பெயின்ட் பட்டாலே அது அரித்துப் போகும். புட்டியும் அதன்மேல் சரியாக நிற்காது.

அக்ரிலிக் கடைக்காரர்கள் இணைப்புக்குக் குளோரோஃபார்ம் பயன்படுத்துவது வழக்கம். இரண்டு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து, ஊசி சிரிஞ்சால் ஒரு சொட்டு விட்டால் இடுக்கில் தானாகவே ஓடி, பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றாக்கிவிடும். அதன் ஆவி நச்சு. ஜன்னல்கள் திறந்த இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகள் நடமாடாத நேரத்தில் செய்யுங்கள். கழற்ற வேண்டிய தகடுகளுக்கு இதைத் தொடவே கூடாது. அவற்றுக்குத் திருகும் காந்தமும்தான்.

வளைந்த பகுதிகளுக்குக் கடையில் கிடைக்கும் வடிவங்களைத் தேடுவது புத்திசாலித்தனம். பிவிசி குழாய், அதன் மூடி, பிளாஸ்டிக் டப்பா ஆகியவற்றில் பாதிக் கலம் கிடைத்துவிடும். இடுக்குகளை எம்-சீல் அல்லது கார் பட்டறைப் புட்டியால் நிரப்பி, 220 எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 800 என்று தண்ணீர் விட்டுத் தேயுங்கள். சாம்பல் பிரைமர் ஒரு கோட் அடித்தால் மறைந்திருந்த கீறல்கள் எல்லாம் வெளியே வரும். மறுபடி புட்டி, மறுபடி தேய்ப்பு. இதற்குக் குறுக்குவழி இல்லை.

மேற்பரப்பு நுணுக்கம்

வேலையில் மகிழ்ச்சி தரும் பகுதி இதுதான். கெட்டுப்போக அதிக வாய்ப்புள்ளதும் இதுதான். டாங்க், விமானம், பந்தயக் கார் போன்றவற்றைச் செய்யக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் மாடல் கிட்களைப் பிரித்து, அவற்றின் பாகங்களைக் கலத்தின் மேற்பரப்பில் ஒட்டுவதைக் கிட்-பாஷிங் என்கிறார்கள். ஒட்டப்படும் துணுக்குகள் கிரீபிள். டக்ளஸ் ட்ரம்புல் இயக்கிய 'சைலன்ட் ரன்னிங்' (1972) படத்தின் வேலி ஃபோர்ஜ் கலம் 26 அடி நீளம்; அதற்காக நூற்றுக்கணக்கான ஜெர்மன் டாங்க் கிட்களைத் தின்று தீர்த்தார்கள். 'ஸ்டார் வார்ஸ்' கூடத்தில் 1/35 அளவு ராணுவ வாகனக் கிட்கள் பெட்டி பெட்டியாக வாங்கப்பட்டன.

துணுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும் என்பதே இதில் ஆபத்து. எல்லா இடத்திலும் ஒட்டினால் கண் எங்கும் நிற்காது. கலம் குப்பைமேடாகத் தெரியும். பரப்பில் கால்வாசிக்கு மேல் துணுக்கு வேண்டாம் என்பது என் கட்டுப்பாடு. எஞ்சின் பக்கம், கலத்தின் இடுப்புப் பள்ளம், ஆன்டெனா அடிப்பாகம் ஆகிய இடங்களில் நெருக்கமாக ஒட்டி, மற்ற இடங்களை வெறும் தகட்டுக் கோடுகளோடு விடுங்கள். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு வேலை கற்பித்துக்கொள்வது உதவும்: இது எரிபொருள் வால்வு, இது குளிர்விப்பான், இந்தக் குழாய் அங்கே போய்ச் சேர்கிறது. யாரும் கேட்கப்போவதில்லை, ஆனால் குழாய் எங்கும் சேராமல் நடுவில் முடிந்தால் பார்ப்பவருக்கு ஏதோ பொய் என்று படும். டாங்க் சக்கரத்தை அப்படியே ஒட்டாதீர்கள். பாதியாக வெட்டுங்கள், கவிழ்த்துங்கள், பாதியைப் புதையுங்கள்.

நன்றாக அமைந்த துணுக்குத் தகடு ஒன்றைச் சிலிகான் அச்செடுத்து ரெசினில் வார்த்துக்கொண்டால் அதே நுணுக்கம் பல இடங்களில் வரும். திசை மாற்றி ஒட்டினால் போதும். அச்சை மட்டும் எறிந்துவிடாதீர்கள். ரெசினைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். 3டி பிரின்டர் இருப்பவர்கள் அதை முழுக்க நம்பிவிடுகிறார்கள். 'தி மண்டலோரியன்' (2019) தொடரின் ரேசர் கிரெஸ்ட் மாடலில்கூட அச்சிட்ட பாகங்களோடு பழைய கிட் பாகங்களையும் கலந்துதான் மாடல் கலைஞர் ஜான் குட்சன் வேலையை முடித்தார். கணினியில் வரைந்த நுணுக்கம் தனித்து நின்றால் கொஞ்சம் வழவழவென்றுதான் இருக்கும்.

வெளிச்சம்

முன்பு கலத்துக்குள் ஹாலஜன் பல்புகள் எரிந்தன. சூட்டில் பிளாஸ்டிக் இளகாமல் இருக்கக் காற்றுக் குழாய் விட வேண்டியிருந்தது. எல்இடி வந்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று. 12 வோல்ட் இணைப்பில் மூன்று வெள்ளை எல்இடிகளைத் தொடராகவும், அவற்றோடு ஒரு 220 ஓம் மின்தடையையும் போட்டால் ஏறக்குறைய 14 மில்லிஆம்பியர் ஓடும். விளக்கு நெடுநாள் உழைக்கும். மின்சாரத்தை விட்டுவிட்டுத் தந்து, துடிப்பு முறையில் மங்கலாக்கும் கருவியை இணைக்காதீர்கள். வீடியோவில் பட்டை பட்டையாக மினுக்கும். மின்தடையை மாற்றி வெளிச்சத்தைக் குறையுங்கள்.

பிளாஸ்டிக் தகட்டின் ஊடாக வெளிச்சம் கசிந்தால் கலம் காகித விளக்குபோல் ஒளிரும். உட்புறத்தில் முதலில் கறுப்பும் அதன்மேல் வெள்ளியும் அடியுங்கள். சிறு ஜன்னல்களுக்கு ஒளியைக் கடத்தும் 0.5 மில்லிமீட்டர் ஃபைபர் ஆப்டிக் இழைகள் சரி. கைத்துளைப்பானால் துளையிட்டு, இழையை உள்ளிருந்து நுழைத்து, வெளியே விரல்நீளம் நீட்டியே விடுங்கள். உட்புறம் வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். ஃபெவிக்விக் போன்றவை இழையை நொறுங்கவைக்கும். வண்ணமடித்து முடித்த பிறகு நீண்டிருக்கும் நுனிகளைப் பரப்போடு ஒட்டி வெட்டினால் ஒவ்வொரு ஜன்னலும் சுத்தமாக ஒளிரும். எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிய வேண்டாம். இரவில் எந்தக் கட்டடத்திலும் எல்லா அறையிலும் ஆள் இருப்பதில்லை.

வண்ணம்

முதலில் பின்திரையைப் பற்றி, அதாவது மாடலுக்குப் பின்னால் வைத்துப் பிறகு படத்திலிருந்து நீக்கிவிடும் நீல அல்லது பச்சைத் திரையைப் பற்றி யோசியுங்கள். 'ஸ்டார் வார்ஸ்' எக்ஸ்-விங் கலங்களின் படைப்பிரிவுக்கு நீல நிறம் என்றுதான் முதலில் திட்டம். நீலத்திரைக்கு முன் நீலப் பட்டைகள் மறைந்துபோகும் என்பதால் சிவப்பானது. பச்சைத்திரை வைத்திருப்பவர்கள் பச்சையை மறந்துவிடுங்கள். பளபளப்பும் அதே அளவு ஆபத்து. 'ஸ்டார் ட்ரெக்: தி மோஷன் பிக்சர்' (1979) படத்துக்கான என்டர்பிரைஸ் மாடலுக்கு முத்துப்போல் நிறம் மாறும் பூச்சைப் பால் ஓல்சன் தகடு தகடாக அடித்திருந்தார். அடுத்த படத்துக்கு மாடல் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற சிறப்புக் காட்சி நிறுவனத்தின் கூடத்துக்குப் போனபோது, நீலத்திரையின் ஒளி அந்தப் பூச்சில் எதிரொளித்துத் தொல்லை கொடுத்தது. மங்கலாக்கும் பூச்சை அதன்மேல் அடித்துவிட்டார்கள். அழகான வேலை மறைந்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன்.

அடிப்படை நிறம் நடுத்தரச் சாம்பலாக இருக்கட்டும். தூய வெள்ளை கேமராவில் வெளிறிப்போகும். மறைப்பு டேப் ஒட்டி, ஒன்றுக்கொன்று லேசாக வேறுபடும் நான்கைந்து சாம்பல்களைத் தகடு தகடாக ஏர்பிரஷால் அடியுங்கள். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் வேறுபாடுதான் தேவை. பக்கத்தில் நின்று பார்த்தால் சதுரங்கப் பலகைபோல் தெரிந்தால் அதிகமாகிவிட்டது. நீர்த்த கறுப்பு-பழுப்புக் கலவையை இடுக்குகளில் ஓடவிட்டுப் பரப்பைத் துடையுங்கள். புகைக்கறைக்குச் சாக்பீஸ் பாஸ்டல் தூள். வெற்றிடத்தில் அழுக்கு எந்தப் பக்கம் வழியும் என்று ஒரு மாணவர் கேட்டார்; நியாயமான கேள்வி. மூக்கிலிருந்து வாலுக்கு இழுத்தால் வேகம் தெரிகிறது என்பதைத் தவிர வேறு நியாயம் என்னிடம் இல்லை. கடைசியில் மேட் வார்னிஷ்.

ஒவ்வொரு கலவையையும் எந்தக் கம்பெனி, எந்த எண், எத்தனை துளி என்று எழுதி, ஒரு பிளாஸ்டிக் துண்டில் மாதிரியும் அடித்து வையுங்கள். கலத்தை மாற்றும் நாளில் முதலில் தேடப்போவது இதைத்தான்.

கேமரா முன்

மாடலை நகர்த்தாதீர்கள், கேமராவை நகர்த்துங்கள். 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு, ஒரே கேமரா நகர்வை இம்மியும் பிசகாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யும் கருவியைக் கலிஃபோர்னியாவின் வான் நைஸில் உருவாக்கியது. ஒரே நகர்வில் கலத்தை ஒரு முறை, அதன் விளக்குகளை மட்டும் இன்னொரு முறை, பின்திரையில் நிழலுருவை மற்றொரு முறை எனத் தனித்தனியாக எடுத்துப் பிறகு சேர்க்கலாம். இன்று கேமராவைத் தண்டவாளத்தில் நகர்த்தும், மோட்டார் பொருத்திய சிறு ஸ்லைடரே வீட்டில் இந்த வேலையைச் செய்யும்.

சிறிய பொருள் என்பதைக் காட்டிக்கொடுப்பது மங்கலான முன்பின் பகுதிகள். லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/16 அல்லது எஃப்/22 வையுங்கள், ஐஎஸ்ஓ 100, ஒவ்வொரு பிரேமுக்கும் இரண்டு, மூன்று விநாடி ஒளி. நொடிக்கு 24 பிரேம் என்பதால் ஐந்து விநாடி ஷாட்டுக்கு 120 படங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது ஸ்லைடர் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கட்டும். நின்று நின்று எடுத்தால் நகர்வின் கலங்கல் பதியாமல் கலம் துள்ளித் துள்ளிப் போகும். பின்னால் கறுப்பு வெல்வெட் துணி. ஒரே ஒரு கடுமையான விளக்கு, முடிந்தவரை தொலைவில். சூரியன் ஒன்றுதானே.

வெடித்துச் சிதறும் காட்சிகளுக்கு மட்டும் கணக்கு வேறு. மாடலின் விகித எண்ணின் வர்க்கமூலத்தை 24ஆல் பெருக்கினால் தேவையான பிரேம் வேகம் கிடைக்கும்; 1/16 அளவுக்கு 16இன் வர்க்கமூலம் 4, எனவே நொடிக்கு 96 பிரேம். வெடிமருந்தை உரிமம் பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். சிதறவிடுவதும் அச்சில் வார்த்த நகலாக இருக்கட்டும், மூல மாடலாக வேண்டாம்.

மாற்றம்

திரைக்கல வரலாற்றின் சுவையான பக்கங்கள் இங்கேதான் உள்ளன. 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஹான் சோலோ ஓட்டும் மில்லெனியம் ஃபால்கன் கலத்துக்காக முதலில் கட்டிய மாடல் நீண்ட உடலோடு இருந்தது. 'ஸ்பேஸ்: 1999' தொடரின் ஈகிள் கலத்தின் சாயல் அதில் அதிகம் என்று கைவிட்டார்கள். தூக்கி எறியவில்லை. முன்பகுதியைக் கழற்றி, சுத்தியல் தலைபோல் ஒன்றைப் பொருத்தினார்கள். படத்தின் முதல் ஷாட்டில் துரத்தப்படும் இளவரசி லேயாவின் கலம் அதுதான். ஃபால்கன் வட்ட வடிவில் புதிதாகக் கட்டப்பட்டது. 1979 'ஸ்டார் ட்ரெக்' படத்தின் விண்வெளி அலுவலக நிலையம், 1982இல் இரண்டாம் படத்தில் தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டு ரெகுலா ஆய்வு நிலையமானது. 1986இல் நான்காம் படத்தின் முடிவில் வரும் புதிய என்டர்பிரைஸும் பழைய மாடல்தான். கலத்தின் பதிவு எண்ணின் வாலில் ஓர் 'ஏ' சேர்ந்தது.

இந்த மூன்றிலிருந்தும் ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் கவிழ்த்துப் பாருங்கள். செலவே இல்லாத மாற்றம் அது. கறுப்புத் துணிக்கு முன் மாடலை மேலும் கீழுமாகவும் வால் முன்னாகவும் நிறுத்திப் படமெடுத்து, நிழலுருவை மட்டும் பாருங்கள். போதவில்லையென்றால் மூக்கையோ எஞ்சினையோ மாற்றுங்கள். மக்கள் கலத்தை அடையாளம் காண்பது அந்த இரண்டு முனைகளால். அதன் பிறகுதான் ஜன்னல்களின் அளவு, அதற்கும் பிறகு நிறமும் எழுத்தும். பலர் நிறத்திலிருந்து தொடங்கி, பழைய கலமே புதுச்சட்டை போட்டு வந்ததுபோல் விட்டுவிடுகிறார்கள்.

கத்தியை எடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் அளவுகோலோடு சேர்த்துப் படமெடுங்கள். சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, புதிய பெயின்ட்டை மறைவான மூலையில் சோதியுங்கள். லேக்கர் வகைகள் பழைய எனாமலைச் சுருட்டிவிடும். வெட்டுவது தகட்டுக் கோட்டின் வழியாகவே இருக்கட்டும். புதிய இணைப்பு அங்கே மறையும். கழற்றிய பகுதியைப் பெயர் எழுதி வையுங்கள்.

போர்ச் சேதம் காட்டும் ஷாட்டுக்காக மட்டும் மாடலை ஓட்டை போட வேண்டாம். மெல்லிய அலுமினியத் தாளைக் கசக்கி, விளிம்பைக் கிழித்து, கறுப்படித்து, மெழுகால் ஒட்டினால் துளைபோலவே தெரியும். ஷாட் முடிந்ததும் உரித்துவிடலாம். எழுத்துகளையும் எண்களையும் பளபளப்பு வார்னிஷின்மேல் ஒட்டி, அதற்குமேல் மேட் அடித்தால் பின்னர் பழுதில்லாமல் எடுக்க முடியும்.

படப்பிடிப்பு முடிந்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள். ஒழுகினால் ஒயர்கள் அரிக்கும். மாடலை அதன் தோலின்மேல் படுக்கவைக்காமல், கீழ்த் தாங்கியில் நிறுத்தியே பெட்டிக்குள் வையுங்கள். வெயில் படாத, ஓட்டுக்கூரைச் சூடு ஏறாத அறை நல்லது. அதே பெட்டியில் காந்த மூடிகள், சிலிகான் அச்சு, வண்ண மாதிரித் துண்டுகள், கழற்றிய மூக்கு எல்லாம் சேர்ந்தே இருக்கட்டும்.